ஞாயிற்றுக்கிழமைப் புருஷன்

நான் வேலையை விட்டு நின்ற பிறகு என்னைத் தேடிக்கொண்டு ஜோகுபாளையம் வருகிற வக்கீல்கள் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். காணாமல் போன கேஸ் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்பார்கள். போன மாதம் வந்த இரண்டு சின்ன வக்கீல்கள் வேறு கேள்வியோடு வந்தார்கள். இந்துக்களுக்கும் விவாகரத்துச் சட்டம் வரப்போகிறது என்று பேப்பரில் அடிபடுகிறதாம். வந்தால் கட்சிக்காரர்கள் குவிவார்களாம். அதற்குள் தொழிலைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

"உங்க காலத்துல கன்டோன்மென்ட் கிறிஸ்துவங்க கேஸெல்லாம் நம்ம ஆபீஸ்லதானே நடந்துச்சு? டைவர்ஸ் வாங்கறதுல என்னென்ன சிக்கல்னு கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன் முதலியார்" என்றார் மூத்தவர்.

உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்த என் மனைவி, "எழுதிக் கொடுக்கட்டும். ஆனா அதை என் வீட்டுல உக்காந்து எழுத வேணாம்" என்றாள். அதனால் இதை அல்சூர் குளக்கரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கொசு அதிகம்.

நான் சேஷாத்ரி ஐயங்காரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். மெட்ரிகுலேஷனில் தோற்ற கையோடு சேர்ந்தேன். முதல் சில வருஷங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கட்டுக் கட்டுவது எப்படி, ஸ்டாம்பு ஒட்டுவது எப்படி, கோர்ட் டபேதார் எந்த நேரத்தில் சிரிப்பார், எந்த நேரத்தில் கடிப்பார், இவ்வளவுதான் படிப்பு. இதைக் கற்றுக்கொள்ளாமல் பி.எல். படித்துவிட்டு வந்தவர்கள் இன்றைக்கும் வராந்தாவில்தான் நிற்கிறார்கள்.

ஐயங்காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மைசூர் ஐயங்கார். நெற்றியில் நாமம், தலையில் சரிகைத் தலைப்பாகை, மூக்கில் எந்நேரமும் பொடி. கல்யாணம் என்பது ஏழு ஜன்மத்துக் கட்டு என்று மனதார நம்பியவர். கன்டோன்மென்ட் முழுவதும் விவாகரத்துச் சட்டத்தை அவரைப் போலக் கரைத்துக் குடித்தவர் வேறு யாரும் கிடையாது. இந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் எப்படிக் குடியிருந்தன என்று கேட்காதீர்கள். விவாகரத்து என்ற வார்த்தையை மட்டும் அவர் வாயால் சொல்ல மாட்டார். "அந்த விஷயம்" என்பார். அந்த விஷயமாக யாராவது வந்து போனால், சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சாப்பிடுவார். சில மாதம் அவருக்குத் தொடர்ந்து ஜலதோஷம் இருக்கும். அப்போது தொழில் நன்றாக நடக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களுக்குத்தான் கோர்ட் மூலமாக ரத்து உண்டு. இந்துக்களில் சில ஜாதியாருக்குப் பஞ்சாயத்து உண்டு. மற்றவர்களுக்கு ஆம்பிளைக்குக் காசி, பொம்பிளைக்குக் கிணறு. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தான். அதையும் சும்மா போடவில்லை. பெண்சாதி தப்பு நடந்தாள் என்று புருஷன் நிரூபித்தால் போதும், கல்யாணம் ரத்து. புருஷன் தப்பு நடந்தான் என்று பெண்சாதி நிரூபித்தால், "அப்படியா, அப்புறம்?" என்று சட்டம் கேட்கும். அதோடு கூட அவன் அடித்து உதைத்துக் கொடுமை செய்தான் என்றோ, இரண்டு வருஷம் கைவிட்டுவிட்டுப் போய்விட்டான் என்றோ கொசுறாக இன்னொன்றையும் அவள் நிரூபிக்க வேண்டும். கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு கிடைக்கும். இங்கே கொசுறை வாங்குகிறவளே கொண்டுவர வேண்டும்.

யார் வந்தாலும் ஐயங்கார் மூன்று கேள்வி கேட்பார். பொடியை உறிஞ்சிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்.

"மன்னிச்சேளா? கண்டும் காணாம இருந்தேளா? ரெண்டு பேரும் பேசி வெச்சுண்டேளா?"

மூன்றுக்கும் "இல்லை" என்று பதில் வந்தால்தான் கண்ணைத் திறப்பார். மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்தால் கேஸ் போச்சு. தெரிந்தே விட்டிருந்தால் கேஸ் போச்சு. எல்லாவற்றையும்விட வேடிக்கை மூன்றாவது. இரண்டு பேரும் சம்மதித்துக்கொண்டு வந்தாலும் கேஸ் போச்சு. ஒரு தடவை பிரேசர் டவுனிலிருந்து புருஷனும் பெண்சாதியும் ஒரே ஜட்காவில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாள் இறங்கும்போது அவர் கை கொடுத்தார். "எங்களுக்குள்ள ஒத்துப்போகலை சார். ரெண்டு பேருக்கும் சம்மதம். நல்லபடியா பிரிச்சு விட்டுடுங்க" என்றார்கள். ஐயங்காருக்கு வந்ததே கோபம்.

"இவ்வளவு ஒத்துமையா இருந்துண்டு எப்படி ஓய் பிரிக்கறது? சட்டம் ஒத்துக்காது. போங்கோ, போய் நன்னாச் சண்டை போட்டுண்டு தனித்தனியா வாங்கோ!"

அவர்கள் போனார்கள், திரும்பி வரவில்லை. சண்டை போடத் தெரியவில்லையோ என்னவோ.

இப்போது எஸ்தர் டீச்சர் கேசுக்கு வருகிறேன். சின்ன வக்கீல்களே, எத்தனையோ கேஸ் பார்த்திருக்கிறேன், அதில் நீங்கள் மறக்கக் கூடாதது இது ஒன்றுதான்.

எஸ்தர் டீச்சருக்கு வீடு காக்ஸ் டவுன். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே மகள், லில்லி. புருஷன் பெயர் சாலமோன், ஒரு துணிக்கடையில் கேஷியர். பைபிளில் வரும் சாலமோன் ராஜாவுக்கு ஞானமும் அதிகம், மனைவிமாரும் அதிகம். இந்தச் சாலமோன் ஞானத்தின் பக்கம் போகவில்லை. மூன்று வருஷம் முன்பே வீட்டை விட்டுப் போய், பிரேசர் டவுனில் மிஸஸ் ரோஸ்லின் என்ற விதவையோடு குடியிருந்தார்.

டீச்சர் எங்கள் ஆபீசுக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளைச் சேலை, கையில் குடை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தீர்கள் என்று ஐயங்கார் கேட்டார்.

"பொண்ணைக் கேக்கறார் சார். ரோஸ்லினுக்கு ரெண்டு சின்னப் பசங்க. அந்தம்மா தையல் கடைக்குப் போகுது. பசங்களைப் பாத்துக்க ஆள் இல்லையாம். லில்லிக்குப் படிச்ச வரைக்கும் போதும், கூட்டிட்டுப் போயிடறேங்கறார். அப்பா கேட்டா குடுத்துத்தானே ஆகணும்னு எல்லாரும் சொல்றாங்க. என் பொண்ணு வகுப்புல முதல் சார். அவ அங்கே போய்த் தொட்டில் ஆட்டணுமா?" என்றார். அதுவரை நேராக நின்றிருந்த குடை அப்போது லேசாக ஆடியது.

ஐயங்கார் கண்ணை மூடிக்கொண்டார். "மன்னிச்சேளா?"

"மன்னிச்சிட்டேன் சார்."

ஐயங்கார் பட்டென்று கண்ணைத் திறந்தார். முதல் கேள்வியிலேயே அவர் கண் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நாராயணா! ஏம்மா மன்னிச்சே?"

"தினம் ஜெபத்துல அதைத்தானே சார் சொல்றோம்? எங்களுக்கு விரோதமா தப்பு பண்ணினவங்களை நாங்க மன்னிக்கிறோம்னு. சொல்லிட்டு மன்னிக்காம எப்படி இருக்கறது?"

"இருக்கட்டும், இருக்கட்டும். வேற யார்கிட்டேயும் இதைச் சொல்லிண்டு திரியாதே" என்று அவர் இரண்டு சிட்டிகைப் பொடி சேர்த்துப் போட்டுக்கொண்டார். முழு ரத்து கஷ்டம், தனியாக வாழ்வதற்கு மட்டும் ஒரு உத்தரவு கேட்கலாமா என்று பார்த்தார். டீச்சர் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார்.

"இப்பவே பாதிக் கல்யாணம்தான் சார் நடக்குது. அதுக்குக் கோர்ட் முத்திரை வேற எதுக்கு?"

பாதிக் கல்யாணம் என்றால் என்ன என்று கேட்டபோதுதான் அந்த சர்ச் பெஞ்சு வெளியே வந்தது. காக்ஸ் டவுன் சர்ச்சில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெஞ்சு உண்டு. யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று பிரசங்க மேடையிலிருந்தே சொல்லிவிடலாம். சாலமோன் வீட்டை விட்டுப் போன வாரம் அந்தப் பெஞ்சில் ஒரு இடம் காலியாகத் தெரிந்தது. சபைக்கு அது பொறுக்கவில்லை. வீட்டில் இடம் காலியானதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. சபைக்குப் பெரியவரான மூப்பர் ஞானமுத்து ஐயா தலையிட்டார். மிலிட்டரி கணக்கு ஆபீசில் சூப்பரின்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசில் ஆள் வராவிட்டால் வரவழைத்துப் பழகியவர். இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒரு ஏற்பாடு செய்தார். வாரத்தில் ஆறு நாள் எப்படியோ போகட்டும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து வந்து, குடும்பப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். பெயர் கெட்டால் பள்ளிக்கூட கமிட்டி டீச்சரிடம் கேள்வி கேட்கும் என்றும் ஒரு வார்த்தை போட்டு வைத்தார். டீச்சர் ஒப்புக்கொண்டார். சாலமோனுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருத்திக்குப் புருஷன், மற்ற நாளெல்லாம் வேறொருத்திக்கு. இரண்டு இடத்திலும் மரியாதை.

"போச்சுடா!" என்றார் ஐயங்கார். "மூணு வருஷம் வாராவாரம் பக்கத்துல உக்காந்தவன் கைவிட்டுட்டான்னு எப்படிச் சொல்றது? அவன் வக்கீல் இந்தப் பெஞ்சைத் தூக்கிண்டு வந்து கோர்ட்ல போடுவானே!"

இன்னொரு அவசரமும் இருந்தது. குழந்தையை யாரிடம் விடுவது என்று தீர்மானிக்க அதே சட்டத்தில் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் குழந்தை என்பது யார்? வெள்ளைக்காரத் தகப்பனுக்குப் பிறந்த பெண் பதினெட்டு வயசு வரைக்கும் குழந்தை. நம் ஊர்த் தகப்பனுக்குப் பிறந்தால் பதின்மூன்று முடிந்ததும் குழந்தை இல்லை. நம் வெயிலில் சீக்கிரம் பழுத்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ! லில்லிக்குப் பன்னிரண்டு முடிந்து சில மாதம் ஆகியிருந்தது.

மனுப் போட்டோம். சாட்சி தேடும் வேலை என் தலையில் விழுந்தது. சாலமோன் ரோஸ்லின் வீட்டில் குடியிருப்பதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் வேண்டும். இதைவிடச் சுலபமான வேலை உண்டா என்று நினைத்துக்கொண்டு பிரேசர் டவுனுக்குப் போனேன். ரோஸ்லின் வீட்டுக்கு எதிர்வீட்டு அம்மாள் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்.

"அய்யோ, அந்த அநியாயம் ஊருக்கே தெரியுமே!" என்றார்.

"அதைக் கொஞ்சம் கோர்ட்ல வந்து சொல்றீங்களாம்மா?"

"கோர்ட்லியா? நாங்க எங்கே பாத்தோம்?"

"பாக்காம எப்படித் தெரியும்?"

"அதான் ஊரே சொல்லுதே!"

பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது நன்றாகக் கேட்கும், கண் தெரியாதாம். அடுத்த வீட்டுக்காரருக்குக் கண் தெரியும், ஆனால் மகளுக்கு அந்தச் சபையில்தான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக் காப்பியும் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். ஊருக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்ல ஊரில் ஒரு நாதி இல்லை.

நடுவில் சாலமோனே ஒரு நாள் ஆபீசுக்கு வந்துவிட்டார். சோலாத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெகு பதவிசாகப் பேசினார். "எதுக்கு சார் சண்டை? நான் எதிர்க்கலை. அவங்க டைவர்ஸை எடுத்துக்கட்டும். பொண்ணை மட்டும் எங்கிட்ட விட்டுடச் சொல்லுங்க. பேசி முடிச்சுக்கலாம்."

ஐயங்கார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "முனிரத்னம்! இவர் பேசினது ஒண்ணும் என் காதுல விழலே. உன் காதுல விழுந்துதா?"

"இல்லீங்க சாமி. வாசல்ல சோன்பப்டிக்காரன் கத்தறான்" என்றேன்.

பேசி முடித்தால் அது கூட்டுச் சதி. கேஸே போய்விடும். சாலமோன் விழித்தார், தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். மறு வாரமே சீமையில் படித்த ஒரு பாரிஸ்டரை வைத்துக் கேசை எதிர்த்தார்.

விசாரணை நாள் வந்தது. ஜட்ஜ் ஒரு வெள்ளைக்காரத் துரை. கேள்விகள் இங்கிலீஷில், பதில்கள் பாதி தமிழில். நான் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன். காக்ஸ் டவுனில் அன்றைக்கு வீட்டுக்கு ஒருவராவது வந்திருந்தார்கள். சாட்சி சொல்ல வரச்சொன்னால் வர மாட்டார்கள், வேடிக்கை பார்க்க மட்டும் இடம் பிடிப்பார்கள்.

பாரிஸ்டர் டீச்சரைக் கூண்டில் வைத்துக்கொண்டு கடைசியாகக் கேட்டார். "உங்கள் கணவரை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் அல்லவா?"

டீச்சர் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிட்டேன்" என்றார். கோர்ட் முழுவதும் குசுகுசுவென்று பேச்சு. பாரிஸ்டர் கேசையே ஜெயித்துவிட்ட மாதிரி உட்கார்ந்தார்.

ஐயங்கார் நிதானமாக எழுந்தார். "மன்னிச்சதுக்கு அப்புறம் அவர் உங்க ஆத்துல தங்கினாரா?"

"இல்லீங்க. வாசப்படி மிதிக்கலை. சர்ச் கேட்டோட சரி."

ஐயங்கார் சட்டப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பதினாலாவது செக்ஷனை மனப்பாடமாக ஒப்பித்தார். மறுபடி சேர்ந்து வாழ்ந்தால்தான் அது சட்டப்படி மன்னிப்பு, மனசால் மன்னிப்பது சட்டத்தின் கணக்கில் சேராது. துரை தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். மனசால் மன்னிக்கிறவர்களை இந்தச் சட்டம் கண்டுகொள்வதில்லை. நல்ல வேளை!

ஆனால் சாட்சி இல்லையே! ரோஸ்லின் வீட்டு விஷயத்தைச் சொல்ல எங்கள் பக்கம் ஒருவரும் இல்லை. துரை கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். டீச்சர் லில்லியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அழவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கேஸ் தள்ளுபடி ஆனால் அன்று சாயங்காலமே சாலமோன் அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம். தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. எனக்கு அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

அப்போது அந்தப் புண்ணியவான் பாரிஸ்டர் தன் சாட்சியைக் கூப்பிட்டார். மூப்பர் ஞானமுத்து ஐயா. கறுப்புக் கோட்டு, சங்கிலி போட்ட கடிகாரம். சாலமோன் பெண்சாதியைக் கைவிடவே இல்லை என்று நிரூபிக்க வந்தவர். வாராவாரம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள், சேர்ந்து உட்கார்ந்தார்கள், ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினார்கள் என்று கணீரென்று சொன்னார். அந்தக் குடும்பத்தைச் சிதறவிடாமல் காத்தவர் யார் என்பதும் அதில் தெரியும்படி சொன்னார்.

ஐயங்கார் எழுந்து, தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு, கும்பிடு போட்டார்.

"பெரியவாளைக் கேள்வி கேக்கறதே தப்பு. ஒரு சந்தேகம். மூணு வருஷமும் ஞாயித்துக்கிழமை தவறாம சேர்ந்து வந்தாளா?"

"தவறாம."

"மழை பெய்ஞ்சா?"

"மழை பெய்ஞ்சாலும்தான்."

"மூணு வருஷத்துல ஒரு தடவைகூடத் தவறலேங்கறது நம்பும்படியா இல்லையே ஐயா. மனுஷன்னா ஒரு நாள் அசதியாத் தூங்கிட மாட்டானா?"

இந்த இடத்தில் ஞானமுத்து ஐயாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தம்முடைய நிர்வாகத்தில் ஓட்டை இருக்கிறது என்று ஒரு ஐயங்கார் சொல்வதா?

"தூங்க விட்டாத்தானே? நானே காலையில ஜட்கா வெச்சுக்கிட்டுப் போய் எழுப்பிக் கூட்டிக்கிட்டு வந்துடுவேனே! மூணு வருஷமா போகவர ஒரே ஜட்கா பேசி வெச்சிருக்கேன். எல்லாம் என் ஏற்பாடு சார்."

"பேஷ், பேஷ். எங்கே போய் எழுப்புவேள்?"

"பிரேசர் டவுன்ல."

"டீச்சர் ஆத்துல இல்லையா? அது காக்ஸ் டவுன்னா?"

பாரிஸ்டர் பாதி எழுந்தார். ஞானமுத்து ஐயா அவரைக் கையமர்த்தினார். "இருங்க சார், நான் சொல்றேன். டீச்சர் வீட்ல இவர் ஏது? மூணு வருஷமா ரோஸ்லினம்மா வீட்லதானே இருக்கார்? நான் போனா அந்தம்மாதான் கதவைத் திறக்கும். இவர் உள் ரூம்ல கட்டில்ல படுத்திருப்பார். நானே கையைப் பிடிச்சு எழுப்பியிருக்கேன். அந்தம்மா கோட்டை பிரஷ் பண்ணி மாட்டி விடும். எத்தனை கஷ்டப்பட்டு நான் இந்தக் குடும்பத்தை..."

அங்கே நிறுத்தினார். தாம் என்ன சொன்னோம் என்பது மெல்ல மெல்ல அவருக்குத் தெரிந்தது. ஊரே பார்க்காததை வாராவாரம் போய்ப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கட்டில் உட்பட.

"ரொம்ப உபகாரம்" என்று சொல்லி ஐயங்கார் உட்கார்ந்தார். பாரிஸ்டர் தம்முடைய அங்கியைச் சரிசெய்வதில் மும்முரமாகிவிட்டார். சாலமோன் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். சிரித்துவிட்டு நிமிர்ந்தபோது டீச்சர் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தேன். அதுவரைக்கும் அவர் கண்ணில் ஒரு சொட்டு வந்ததில்லை.

தப்பு நடந்தது, கைவிட்டது இரண்டும் நிரூபணம் ஆனதாகத் துரை தீர்ப்புச் சொன்னார். சர்ச் பெஞ்சு குடும்பம் நடத்துகிற இடம் அல்ல என்றும் அதில் ஒரு வரி இருந்தது. கல்யாணம் ரத்து, பெண் தாயாரிடம். ஆனால் சின்ன வக்கீல்களே, அதோடு முடிந்தது என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். ஜில்லா கோர்ட் தந்த ரத்தை மேல் கோர்ட் உறுதி செய்ய வேண்டும். அதையும் ஆறு மாதம் போன பிறகுதான் செய்யும். கல்யாணம் பண்ண அரை மணி, பிரிக்க அரை வருஷம். அந்த அரை வருஷத்துக்குள் லில்லிக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது.

காக்ஸ் டவுனில் ஞானமுத்து ஐயாவுக்கு ஜட்கா மூப்பர் என்று பெயர் வந்துவிட்டது. அவர் டீச்சரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். பிரேசர் டவுன் போவதையும் நிறுத்திவிட்டார். எழுப்ப ஆள் இல்லாததால் சாலமோனும் சர்ச்சுக்கு வருவதில்லை. டீச்சரும் லில்லியும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூட கமிட்டி கேள்வி எதுவும் கேட்கவில்லை. இலக்கணம் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் அகப்படவில்லை.

மேல் கோர்ட் உத்தரவு வந்த வாரம் சாலமோன் சொல்லியனுப்பினார். பெண்ணுக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது, சட்டப்படி அவள் குழந்தை இல்லை, ஆகவே குழந்தையைப் பற்றிய உத்தரவு செல்லாது, ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்று. டீச்சர் ஆபீசுக்கு ஓடி வந்தார். ஐயங்கார் பொடி டப்பியைத் திறந்து, பொடி எடுக்காமலே மூடினார்.

"அவன் சொல்றது சரிதான். வேற சட்டம் ஒண்ணு இருக்கு, அதுல பதினெட்டு வரைக்கும் மைனர், அப்பாதான் கார்டியன். அவனுக்கு அது தெரிஞ்சா இன்னும் மோசம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ போய் சர்ச் கேட்ல நில்லு. வாயைத் திறக்காதே. நீ நின்னாலே கோர்ட்டு நிக்கறதுன்னு நினைச்சுப்பான்."

போய் நின்றேன். கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் அல்பாக்கா கோட்டும் கக்கத்தில் ஒரு கட்டும். கட்டுக்குள் பழைய பேப்பர். ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது சாலமோன் கேட்டில் தயாராக இருந்தார். அதே தொப்பி, அதே பதவிசு. எல்லாரும் கேட்கட்டும் என்று உரக்கவே பேசினார்.

"லில்லி, வா போகலாம். நீ இனிமே சின்னப் புள்ளை இல்லே. கோர்ட் உத்தரவு முடிஞ்சுபோச்சு. வக்கீல் குமாஸ்தாவையே கேளு, சட்டம் அப்படித்தான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். லில்லி அம்மாவின் கையை விடுவித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தது.

"நான் சின்னப் புள்ளை இல்லியாப்பா?"

"இல்லேம்மா. பெரியவளாயிட்டே."

"அப்படீன்னா எங்கே இருக்கணும்னு நானே சொல்லலாமில்ல? நான் எங்கம்மாகூடதான் இருப்பேன். நீங்க போய் அந்தப் பசங்களைப் பாத்துக்குங்க."

சாலமோன் முகம் செத்துப்போயிற்று. பெண்ணின் கையைப் பிடிக்கக் கையை நீட்டினார். கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. பார்த்தும் பார்க்காமல் இருந்து பழகிய ஜனங்கள். அப்போது யாரோ என்னை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். ஞானமுத்து ஐயா. அந்த ஆறேழு மாதத்தில் மனுஷர் இளைத்துப்போயிருந்தார். நீட்டிய கையைத் தம் கையால் பிடித்துக்கொண்டார், கட்டிலிலிருந்து எழுப்பியபோது எப்படிப் பிடித்திருப்பாரோ அப்படி.

"வாங்க மிஸ்டர் சாலமோன். ஜட்கா நிக்குது. நானே கொண்டுபோய் விடறேன்" என்றார்.

அந்தக் குரலில் ஆபீஸ் சூப்பரின்டென்ட் இருந்தார். மறுத்துப் பேச முடியாத குரல். சாலமோன் இரண்டு பக்கமும் பார்த்தார், பிறகு ஏறி உட்கார்ந்தார். ஞானமுத்து ஐயா ஏறுவதற்கு முன்னால் டீச்சர் பக்கம் திரும்பினார். தலையைக் குனிந்தார். டீச்சர் கை கூப்பினார்.

மூன்று வருஷம் அவருக்கு ஓட்டிய அதே ஜட்கா. வண்டிக்கார சாயபு வழக்கப்படி கேட்டார். "பிரேசர் டவுன்தானே சாப்? போகவரதானே?"

"ஆமா. ஆனா வர்றப்ப நான் மட்டும்தான்" என்றார் ஞானமுத்து ஐயா.